லண்டன் உயர்த்திய கட்டணம், கோலாலம்பூரில் எழுந்த கோபம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று மகன் கடிதத்தோடு வந்து நிற்கிறான். வீடே மகிழ்கிறது. அடுத்த நிமிடமே அப்பாவின் மனத்தில் கேள்வி எழுகிறது: பணத்துக்கு எங்கே போவது? மலேசியக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி எப்போது இவ்வளவு பெரிதானது என்பதை அறிய, பிரிட்டனின் கட்டண வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் அந்நாட்டு மாணவருக்கும் காமன்வெல்த் நாடுகளிலிருந்து சென்ற மாணவருக்கும் கட்டணம் ஒன்றாகவே இருந்தது. தகுதி இருந்தால் சேரலாம். செலவின் பெரும்பகுதியை அந்நாட்டு அரசே ஏற்றது. இந்த நிலை 1967-இல் மாறியது. கல்வியமைச்சர் அந்தோணி கிராஸ்லண்ட் அறிவித்தபடி வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 250 பவுண்டாக உயர்ந்தது. உள்நாட்டு மாணவருக்கோ ஏறக்குறைய 70 பவுண்டுதான். ‘உள்நாட்டவர்’, ‘வெளிநாட்டவர்’ என்ற கோடு அன்றுதான் போடப்பட்டது.

முழுச் செலவும் மாணவர் தலையில்

பெரிய அடி 1979-இல் விழுந்தது. அவ்வாண்டு மே மாதம் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சர் அரசு, பொதுச் செலவைக் குறைப்பதில் முனைப்பாக இருந்தது. 1980-ஆம் கல்வியாண்டு முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்கள் படிப்பின் முழுச் செலவையும் கட்ட வேண்டும் என நவம்பரில் அறிவித்தது. குறைந்தபட்சக் கட்டணம் கலைப் பிரிவுக்கு 2,000 பவுண்டு, அறிவியலுக்கு 3,000, மருத்துவத்துக்கு 5,000. அன்றைய மாற்று விகிதத்தில் மருத்துவப் படிப்புக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 வெள்ளி! ஐரோப்பியச் சமூக நாடுகளின் மாணவர்களுக்கு இந்தச் சுமை இல்லை. பழைய காலனி நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வந்தது.

அப்போது பிரிட்டனுக்கு மிக அதிகமான மாணவர்களை அனுப்பிய நாடு மலேசியா. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் சிலவே. 1971-க்குப் பின் அங்கே இட ஒதுக்கீடும் நடப்பிலிருந்தது. ஆகவே இந்திய, சீனக் குடும்பங்கள் பல, நிலத்தையோ நகையையோ விற்றாவது பிள்ளையைக் கப்பலேற்றலாம் என்று எண்ணியிருந்தன. அந்தக் கணக்கு ஒரே அறிவிப்பில் தப்பாகிப் போனது. மாராவும் பொதுச் சேவைத் துறையும் அனுப்பிய மாணவர்களுக்காக அரசாங்கமும் கூடுதல் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

‘பிரிட்டிஷ் பொருள் கடைசியில்’

1981 ஜூலையில் மகாதீர் பிரதமரானார். செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தை மலேசியா வாங்கியதும், பங்கு வாங்கும் விதிகளை லண்டன் இறுக்கியது. கட்டண உயர்வு ஏற்கெனவே புண்ணாக்கியிருந்த உறவு மேலும் கசந்தது. அக்டோபரில் ‘பிரிட்டிஷ் பொருளைக் கடைசியில் வாங்கு’ என்னும் கொள்கையை மகாதீர் அறிவித்தார். பிரிட்டிஷ் நிறுவனத்துக்குக் குத்தகை கொடுக்க எண்ணும் இலாகாக்கள், அதைப் பிரதமர் துறையின் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்றானது.

லண்டன் இறங்கி வந்தது. 1983 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் பிரான்சிஸ் பிம், மூன்றாண்டுகளுக்கு 46 மில்லியன் பவுண்டு உதவித் திட்டத்தை அறிவித்தார். மலேசியா, ஹாங்காங், சைப்ரஸ் மாணவர்களுக்கு அதில் தனிக் கவனம் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மகாதீர் தம் கொள்கையை மீட்டுக்கொண்டார். 1983-இல் தொடங்கிய மற்றொரு உபகாரச் சம்பளத் திட்டமே 1994-இல் ‘செவனிங்’ எனப் பெயர் பெற்றது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டணம் குறையவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே உதவி கிடைத்தது. அந்த உதவியும் மாணவரின் ஏழ்மையைப் பார்த்து வந்ததல்ல, இரு நாடுகளின் உறவைப் பார்த்து வந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்தது.

விடை வீட்டிலேயே

உண்மையான நிவாரணம் உள்ளூரில்தான் பிறந்தது. 1980-களில் தனியார் கல்லூரிகள் ‘டுவின்னிங்’ படிப்புகளைத் தொடங்கின. முதல் ஆண்டுகளை இங்கே முடித்து, கடைசி ஓராண்டோ ஈராண்டோ மட்டும் வெளிநாட்டில் படித்தால் போதும். 1984-இல் ம.இ.கா. தோற்றுவித்த எம்.ஐ.இ.டி. இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடனுதவி வழங்கியது. 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. 1997-இல் வெள்ளியின் மதிப்பு சரிந்தபோது, முழுப் பட்டத்தையும் இங்கேயே முடிக்கும் ‘மூன்று கூட்டல் சுழியம்’ முறை கைகொடுத்தது. 2000-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமே இங்கு வளாகம் திறந்தது.

1967-இல் போட்ட கோடு இன்றும் அழியவில்லை, இடம்தான் மாறுகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின், 2021-ஆம் கல்வியாண்டு முதல் புதிதாகச் சேரும் ஐரோப்பிய மாணவர்களும் ‘வெளிநாட்டவர்’ ஆகிவிட்டார்கள். அனுமதிக் கடிதம் வேறு, பண உதவி வேறு. கட்டணம் படிப்பு முடியும்வரை மாறாதா, உபகாரச் சம்பளம் முழுச் செலவுக்கா பாதிக்கா, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க என்ன நிபந்தனை? கையெழுத்திடும் முன் பெற்றோர் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். 1980-இல் அந்த வாய்ப்புக்கூட இல்லாமல் தவித்த குடும்பங்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அது.