தண்டவாளம் போன தடத்தில்

சென்னை அசோக் நகரில் 2015இல் மெட்ரோ ரயில் தலைக்கு மேல் ஓடத் தொடங்கியது. அதற்கு நான்காண்டு முன்பு சிங்கப்பூரில் ஒரு ரயில் பாதையே ஓய்ந்தது.

2011 ஜூன் 30 இரவு, அங்குள்ள தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் மலேசியாவின் ஜொகூர் சுல்தான். மலாயாவில் மண் வெட்டி, கட்டை பதித்து ரயில் பாதை போட்டவர்களில் தமிழர்கள் ஏராளம்.

நிலத்துக்கு அவ்வளவு கிராக்கி உள்ள ஊரில், தடத்தைத் துண்டு போடாமல் பசுமைப் பாதையாக விடும்படி சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லேயே கேட்டது. அரசும் இசைந்தது. 24 கிலோமீட்டர்!

ஓடும் ரயிலின் ஓட்டுநரும் நிலைய ஊழியரும் கைநீட்டி பாதையில் செல்ல அனுமதியான டோக்கன் வளையத்தை மாற்றிக்கொண்ட இடம், இத்தடத்தில் உள்ள புக்கிட் தீமா நிலையம். பழுதுபார்த்த அந்நிலையம் 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பக்கத்து ஊழியர் குடியிருப்பில் சிற்றுண்டிக் கடையும் வந்தது.