ஒஷாவா, 22 ஏப்ரல் 1979: ஒரு தீர்ப்பும் கொஞ்சம் திருட்டு ரேப்புகளும்

ஒஷாவா எண்டால் எங்கட ஆக்களுக்கு உடன ஞாபகம் வாறது ஜெனரல் மோட்டர்ஸ் கார்த் தொழிற்சாலை. அடுத்தது, ஸ்காபுரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில கிழக்கை ஓட ஓட வீட்டு விலை குறையும் எண்ட நம்பிக்கை :-) என்னைப் போல படிக்க வந்து சேர்ந்த பெடியளுக்கு பல்கலைக்கழகமும் ஒன்ராறியோ ஏரிக் காற்றும். ஆனால் பழைய றொக் ஒலிப்பதிவுகளைச் சேகரிக்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களிடம் போய் ஒஷாவா என்று சொல்லிப் பாருங்கள். காரைப்பற்றிக் கதைக்க மாட்டார்கள். ஒரு திகதியைத்தான் சொல்லுவார்கள்: 1979 ஏப்ரல் 22.

அன்றைக்கு இந்த ஊர் சிவிக் ஓடிற்றோறியத்தில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழு பாடியது. ஒஷாவா ஜெனரல்ஸ் பெடியள் ஐஸ் ஹொக்கி விளையாடின இடம் அது. லண்டனிலும் நியூயோர்க்கிலும் பெரிய மைதானங்களை நிரப்புகிற குழு ஏன் இங்கே வந்தது? காசுக்காக இல்லை. நீதிமன்றம் அனுப்பித்தான் வந்தது.

கதை இரண்டு வருடம் முந்தித் தொடங்குகிறது. 1977 பெப்ரவரி 27-ஆம் திகதி ரொறன்ரோ ஹாபர் காசில் ஹொட்டேலில் கனேடிய மத்திய பொலிசார் கீத் றிச்சர்ட்ஸின் அறையைச் சோதனை போட்டார்கள். அகப்பட்டது சுமார் 22 கிராம் ஹெரோயின். விற்பதற்காக வைத்திருந்தார் என்று வழக்கு. நிரூபிக்கப்பட்டால் ஆயுள்தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றச்சாட்டு. குழுவின் கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, மார்ச் 4-ஆம் 5-ஆம் திகதிகளில் ஸ்பதைனா வீதியில் இருக்கிற எல் மொகாம்போ என்ற சின்னக் கிளப்பில் அவர்கள் பாடினார்கள். ஒரு முந்நூறு பேர் கொள்ளுகிற இடம். ஏப்ரல் வைன் என்ற கனடாக் குழு பாடுகிறது, அதற்கு முதல் கொக்றோச்சஸ் (கரப்பான்பூச்சிகள்!) என்று ஒரு குழு என்றுதான் அறிவித்தார்கள். சம் வானொலிப் போட்டியில் ரிக்கெற் வென்று போன ஆக்களுக்கு அங்கே போனபிறகுதான் கரப்பான்பூச்சிகள் யாரென்று விளங்கியது. பிரதமர் பியர் ட்ரூடோவின் மனைவி மார்கிரெற் தன்னுடைய ஆறாவது திருமண நாளன்று அங்கே போயிருந்தது பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

எல் மொகாம்போவில் நடந்ததைக் குழுவே முறையாக ஒலிப்பதிவு செய்தது. ஆனால் 1977 செப்ரெம்பரில் வந்த லவ் யூ லைவ் இரட்டை இசைத்தட்டில் அந்த இரவுகளிலிருந்து நாலே நாலு பாட்டுத்தான். நாலும் மடி வோட்டர்ஸ், போ டிட்லி, வில்லி டிக்சன், சக் பெரி ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பழைய பாட்டுகள். மிச்சம் எங்கே? பெட்டியில். அந்தப் பெட்டியைத் திறந்து உத்தியோகபூர்வமாக வெளியிட்டது 2022 மே மாதம். நாற்பத்தைந்து வருடம்! அதுவரைக்கும் மிச்சப் பாட்டுகளைக் கேட்க விரும்பினவன் 'பூற்லெக்' எனப்படுகிற திருட்டுப்பதிவுகளைத்தான் தேடவேண்டியிருந்தது.

இந்தச் சொல்லுக்கே ஒரு சரித்திரம் உண்டு. சப்பாத்தின் நீண்ட காலுக்குள் சாராயப் போத்தலை ஒளித்துக் கொண்டுபோனதில் இருந்து வந்த சொல். 1920-களில் அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இந்த ஒன்ராறியோ ஏரியாலும் படகு படகாகச் சாராயம் போனது. ஆனபடியால் எங்கட ஏரிக்கரைக்கும் இந்தச் சொல்லுக்கும் பழைய உறவு.

றொக் இசையில் இதைத் தொடக்கி வைத்தது 1969 கோடையில் லொஸ் ஏஞ்சல்ஸில் வந்த கிரேற் வைற் வொண்டர். பொப் டிலானின் வெளிவராத பாட்டுகள், பேர் ஊர் இல்லாத வெள்ளை உறையில் இரண்டு தட்டுகள். அதில் ஒரு பகுதி 1967-இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வீட்டு நிலவறையில் டிலானும் 'த பாண்ட்' குழுவும் சேர்ந்து பதிந்தது. அந்தக் குழுவில் ஐந்து பேரில் நாலு பேர் கனடாக்காரர், ரொறன்ரோக் கிளப்புகளில் வளர்ந்தவர்கள். அந்த வருட முடிவிலேயே ஸ்ரோன்ஸுக்கும் அதே கதி வந்தது. நவம்பர் 9-இல் ஓக்லண்டில் பாடியதை ஒருவர் மண்டபத்துக்குள்ளேயே நல்ல மைக் வைத்துப் பதிந்து தட்டாக அடித்துவிட்டார். அது நன்றாக விற்றது, பத்திரிகைகளில் விமர்சனமும் வந்தது. அடுத்த வருடம் செப்ரெம்பரில் குழு தன்னுடைய நேரடி இசைத்தட்டை வெளியிட்டதற்கு இந்தத் திருட்டுத்தட்டும் ஒரு காரணம் என்று சொல்லுவார்கள்.

சரி, வழக்குக்கு வருவம். எல் மொகாம்போ முடிந்து மற்றவர்கள் நகரத்தை விட்டுப் போன பிறகு கீத் ரொறன்ரோவிலேயே நிற்கவேண்டி வந்தது. தலைக்கு மேலே கத்தி. அந்த மார்ச் மாதத்தில் சவுண்ட்ஸ் இன்ரர்சேஞ் என்ற ஸ்ரூடியோவுக்குப் போய், பழைய நண்பர் இயன் ஸ்ருவேர்ட்டோடு சில பாட்டுகளைப் பதிந்தார். மேர்ல் ஹகார்ட், ஜோர்ஜ் ஜோன்ஸ் பாடின கன்ட்றிப் பாட்டுகள். மரணதண்டனைக்குப் போகிற ஒரு கைதியைப்பற்றின பாட்டும் அதில் ஒன்று. பியானோவும் கரகரத்த குரலும் மட்டும். வெளியிடுகிற நோக்கத்தில் பாடியது போல இல்லை. மறியலுக்குப் போகப்போகிறோமோ என்று தெரியாத ஒரு மனிசன் தனக்குத்தானே பாடினது போலக் கிடக்கும். பல வருடங்களாக இது பூற்லெக் தட்டுகளில்தான் சுற்றியது.

1978 ஒக்ரோபரில் கீத் குறைக்கப்பட்ட குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். நீதிபதி லொயிட் கிரேபேர்ன் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஒத்திவைத்த தண்டனை, ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, அதோடு கனேடியத் தேசியப் பார்வையற்றோர் நிலையத்துக்காக ஆறு மாதத்துக்குள் ஓர் இசைநிகழ்ச்சி. (அந்த நிலையம் 1918-இல் ரொறன்ரோவில் தொடங்கியது. முதலாம் உலகப்போரில் கண்ணிழந்து திரும்பிய சிப்பாய்களும், 1917 ஹலிஃபக்ஸ் துறைமுக வெடிப்பில் கண்ணிழந்தவர்களும் அது தொடங்கக் காரணம்.) ஏன் பார்வையற்றோர்? குழு போகிற ஊரெல்லாம் வழியில் கார் பிடித்துப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்த ஒரு பார்வையற்ற பெண்பிள்ளையைக் கீத் பாதுகாப்பாகக் கவனிக்கச் சொல்லியிருந்தார் என்றும், அவள் நீதிபதியிடம் அதைப் போய்ச் சொன்னாள் என்றும் ஒரு கதை இருக்கிறது. கீத்தே அதைச் சொல்லியிருக்கிறார். பணக்காரனுக்கு ஒரு நியாயமோ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அரசதரப்பு மேன்முறையீடு செய்தும் தீர்ப்பு மாறவில்லை.

அப்படித்தான் ஒஷாவாவுக்கு ஸ்ரோன்ஸ் வந்தது. ஒரே நாளில் இரண்டு காட்சி. மேடையில் அறிமுகம் செய்தவர் நகைச்சுவை நடிகர் ஜோன் பெலூஷி. முதலில் றொன் வூட்டின் நியூ பார்பேரியன்ஸ். அதில் கீத்தும் உண்டு, பேஸ் கிற்றாரில் ஸ்ரான்லி கிளார்க், கீபோர்ட்டில் இயன் மக்லகன், சாக்ஸபோனில் பொபி கீஸ். பிறகு முழு ஸ்ரோன்ஸும். 1978-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கும் 1981 சுற்றுப்பயணத்துக்கும் நடுவில் கிடக்கிற ஒரு தனித்தீவு இந்த நாள். சேகரிப்பாளர்கள் இதற்காக அலைவதற்கு அதுதான் காரணம். உத்தியோகபூர்வ இசைத்தட்டு வரவில்லை. வந்தது 'பிளைண்ட் டேற்' என்று குறும்பாகப் பேர் வைத்த பூற்லெக்.

சேகரிக்கிறது எண்டால் சும்மா வாங்கி அடுக்கிறது எண்டு நினைக்காதேங்கோ. இவர்களுக்கு ஒரு சாத்திரமே உண்டு. முதல் கேள்வி: பதிவு எங்கேயிருந்து வந்தது? ரசிகன் கோட்டுக்குள் ஒளித்த மைக்கில் பதிந்ததா, மேடை ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து நேரே எடுத்ததா, வானொலியில் போனதைப் பிடித்ததா? இரண்டாவது: எத்தனையாம் தலைமுறை? கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், மேல்சுரங்கள் மங்கும். மூல ரேப்பிலிருந்து எடுத்த முதல் பிரதிக்கும் ஆறாவது பிரதிக்கும் உள்ள வித்தியாசம், பாட்டனுக்கும் பேரனுக்கும் உள்ள முகச்சாயல் போல. மூன்றாவது: வேகம். ஒருவருடைய ரேப்றெக்கோடர் கொஞ்சம் விரைவாக ஓடினால் முழுக் கச்சேரியும் அரைக்கட்டை ஏறிவிடும். கிற்றாரை வைத்துச் சுருதி பார்த்து அதைத் திருத்துகிற பொறுமைசாலிகள் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள் இதற்குக் காசு வாங்குவதில்லை. வெற்றுக் கசெற்றையும் முத்திரைக் காசையும் அனுப்பினால் பதிந்து அனுப்புவார்கள். கணினிக் காலம் வந்தபிறகும் ஒலியைச் சுருக்கிக் கெடுக்கக்கூடாது, பதிவின் வரலாறு எழுதின குறிப்பைக் கழற்றக்கூடாது என்ற ஒழுங்கு தொடர்ந்தது.

மறுபக்கத்தில் காசு பார்த்தவர்களும் இருந்தார்கள். சீடி வந்த பிறகு ஐரோப்பாவில் சட்டத்தில் இருந்த ஓட்டைகளால் இது ஒரு தொழிலாகவே நடந்தது. பில் கொலின்ஸ் கலிபோர்னியாவில் பாடிய நிகழ்ச்சியின் பூற்லெக் ஜேர்மனியில் விற்கப்பட்டு, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1993-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பாடினவன் வேறு நாட்டவன் என்பதற்காக அவனுக்குப் பாதுகாப்பைக் குறைக்கக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அப்ப இது களவா, இல்லையா? என்னுடைய எண்ணத்தை உடைத்தே சொல்லுகிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. மேடையில் பாடியது ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஏற்கனவே கொடுத்தது. அங்கே இருந்தவன் தன் காதை வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி ரேப்பையும் கொண்டுபோனான். விற்றால் பிழை. வைத்திருந்தால் அது ஞாபகம். ஸ்ரூடியோ மிச்சங்கள் அப்படியில்லை. அவை கலைஞன் இன்னும் கொடுக்காதவை, கிழித்துப்போட்ட கடிதம் மாதிரி. கீத் ரொறன்ரோவில் தனியப் பாடின பாட்டுகளைக் கேட்கும்போது எனக்கு ஒரு கூச்சம் வருகிறது, கதவிடுக்கால் பார்க்கிற மாதிரி. ஆனாலும் கேட்கிறேன்.

சில நேரம் கலைஞனே அந்தக் குப்பைக்கூடைக்குத் திரும்பிப் போகிறான். 1981-இல் வந்த ராற்றூ யூ இசைத்தட்டு பெரும்பாலும் பழைய மிச்சங்களைத் தோண்டி எடுத்து முடித்ததுதான். ஸ்ரார்ட் மீ அப் உட்பட. 1978-இல் சம் கேர்ள்ஸ் இசைத்தட்டில் சேர்க்காமல் விட்ட குளோடின் என்ற பாட்டு பூற்லெக்கிலேயே முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, 2011-இல்தான் உத்தியோகபூர்வமாக வெளிவந்தது. கொம்பனிகளின் மனம் மாறினதுக்குச் சட்டமும் ஒரு காரணம். ஐரோப்பாவில் வெளியான பதிவுகளுக்குக் காப்புரிமையை 70 வருடமாக்கினார்கள். வெளியிடாமல் பூட்டி வைத்தவைக்கு 50 வருடத்தோடு சரி. 2013 டிசெம்பரில் பீற்றில்ஸின் 1963-ஆம் வருடத்துப் பதிவுகள் 59 திடீரென்று விற்பனைக்கு வந்ததன் இரகசியம் அதுதான். அதற்கு வைத்த பேரிலேயே 'பூற்லெக் ஒலிப்பதிவுகள்' என்று இருந்தது. கள்ளனின் பேரை வீட்டுக்காரன் வைத்துக்கொண்டான் :-)

எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்பியள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த நாதஸ்வர தவில் கச்சேரிகளை யோசித்துப் பாருங்கள். 1975-இல் காலமான தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை இன்றைக்கும் கேட்க முடிகிறது என்றால், அதில் ஒரு பங்கு முன்னால் இருந்து பதிந்து வைத்த ரசிகர்களுக்குப் போகவேண்டும். எந்தக் கொம்பனியும் அவர்களைக் கேட்கவில்லை.

பெரிய நிறுவனம் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு திகதி: 2008 யூன் 1. ஹொலிவூட்டில் யூனிவேர்சல் ஸ்ரூடியோ வளாகத்தில் தீ. அதில் எவ்வளவு மூல ஒலிநாடாக்கள் எரிந்தன என்ற கதை 2019-இல்தான் பத்திரிகையில் விரிவாக வந்தது. யூன் 1-ஆம் திகதியையும் நெருப்பையும் சேர்த்து வாசிக்கும்போது எங்கட ஆக்களுக்கு 1981-உம் யாழ் நூலகமும் நினைவுக்கு வராமல் போகாது. ஒன்று விபத்து, மற்றது விபத்தில்லை. ஆனால் சாம்பலுக்கு முன்னால் பாடம் ஒன்றுதான்: ஒரே ஒரு பிரதி என்பது பிரதியே இல்லை.

ஒஷாவா நிகழ்ச்சியைப் பற்றி இன்னொன்று. அன்று மண்டபத்தில் இருந்த பார்வையற்ற ரசிகர்களுக்கு மிக் ஜாகரின் துள்ளலோ மேடை வெளிச்சமோ இல்லை. அவர்களுக்கு வந்து சேர்ந்தது ஒலி மட்டும். இரைச்சலோடு, பக்கத்தில் ஆரோ விசிலடிக்கிற சத்தத்தோடு இந்த ரேப்பைக் கேட்கிற எங்களுக்கும் அதேதான். நீதிபதி யாருக்காக அந்த நிகழ்ச்சியைத் தீர்ப்பாக எழுதினாரோ, அவர்கள் கேட்டதற்குக் கிட்டவாகத்தான் நாங்களும் கேட்கிறோம். பளபளக்கிற எந்த டிவிடியாலும் தரமுடியாத விசயம் அது.

ஊரில் இருந்து வரும்போது அப்பா அம்மா கட்டிக்கொண்டு வந்த கசெற்றுகள் உங்கட வீட்டு நிலவறைகளிலும் கிடக்கும். கலியாணவீடு, கோயில் கச்சேரி, றேடியோ நாடகம், ஆரோ பாடின ஒரு பாட்டு. ரேப் ஒட்டிப்போக முதல் ஒருக்கா எடுத்து ஓடவிட்டு ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. திகதியும் இடமும் எழுத மறக்காதேங்கோ.