பேச்சு போனால் புத்தி போனதாகுமா?

கிழக்குத் தாம்பரத்தில் வசிக்கும் என் பெரியப்பா, ஓய்வு பெறும்வரை நாள்தோறும் மின்சார ரயிலில் கிண்டிக்கு வேலைக்குச் சென்று வந்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு, 'மாத்திரை... தண்ணீர்...' எனப் பெயர்ச்சொற்கள் மட்டுமே அவர் வாயில் வருகின்றன. வினையும் வேற்றுமை உருபும் வருவதில்லை. புத்தி பேதலித்துவிட்டதாக உறவினர் சிலர் முடிவுகட்டிவிட்டனர்.

அது உண்மையன்று. சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தது தொல்காப்பியம். மூளையும் எல்லாச் சொற்களையும் ஒரே விதமாகக் கையாள்வதில்லை. 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்த நோயாளி, பிறர் பேச்சைப் புரிந்துகொண்டார். ஆனால், ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 'டான்' என்றே பதிலளித்தார். அவரது மூளையின் இடது முன்பகுதி பழுதுபட்டிருந்தது. அப்பகுதி பாதிக்கப்பட்டோருக்குப் பெயர்ச்சொற்களைவிட வினைகளும் உருபுகளுமே பெரும்பாலும் நழுவுகின்றன. 1874-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோயாளிகளின் நிலை வேறு: பேச்சு சரளமாக ஓடும், பொருள் இராது.

மனப்பாடமான தொடர்கள் பலருக்கு எஞ்சி நிற்கும். 'தாம்பரம், சானடோரியம்' என நான் தொடங்கினால், 'குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம்' எனக் கிண்டிவரை பெரியப்பா தடையின்றிச் சொல்கிறார்.

கைகால் இயக்கத்துக்கு இயன்முறை சிகிச்சை தேடும் நாம், பேச்சுப் பயிற்சியை மறந்துவிடுகிறோம். எளிய வாக்கியங்களில் பேசி, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. வினைச்சொல்லை இழந்தவர் அறிவை இழந்துவிட்டதாகக் கருதி அவரிடம் பேசுவதையே நிறுத்திவிடுவது, நோயினும் கொடிய தண்டனை.