முன்பக்கப் புல்வெளியில் முட்டைக்கோஸ்: தேவாலயத் தோட்டங்களின் கதை

அடுக்குமாடியில் குடியிருக்கும் நம்மில் பலருக்குச் செடி வளர்க்க ஆசை உண்டு, மண்தான் கிடையாது. பால்கனியில் இரண்டு தொட்டி, மொட்டை மாடியில் நான்கு பை. அதற்கு மேல் போனால் 'பொது இடம்' என்ற பேச்சு வந்துவிடும். வந்தவுடன் கேள்விகளும் வரிசையாக வரும். யார் தண்ணீர் ஊற்றுவது? விளைந்ததை யார் பறிப்பது? அழகாக இருக்கிற முன்பக்கப் புல்வெளியை எதற்குக் கெடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விகளை நாம் மட்டும் கேட்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தேவாலய நிலங்களில் ஊரார் சேர்ந்து காய்கறி போட்ட இடங்களிலெல்லாம் ஏறக்குறைய இதே சண்டைகள் நடந்திருக்கின்றன. அந்தக் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பனிக்கு முந்தைய வேலை

நமக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று உண்டு. மழையைப் பார்த்து விதைக்கிறோம். குளிர் நாடுகளில் பார்க்க வேண்டியது மழையை அல்ல, உறைபனியை. கடைசி உறைபனி ஏப்ரலிலோ மே மாதத்திலோதான் விலகும். அதுவரை காத்திருந்து தக்காளி விதைத்தால், காய்க்கத் தொடங்கும்போது அடுத்த குளிர் வந்து நிற்கும். அதனால் தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளைக் கடைசி பனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே வீட்டுக்குள் நாற்று விடுகிறார்கள். தட்டுகளை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து, முளைத்ததைப் பிரித்து நட்டு, பிறகு ஒரு வாரம் பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குகிறார்கள். பழக்காமல் நட்டால் நாற்று வெளுத்துச் சுருண்டுவிடும்.

பட்டாணி, முள்ளங்கி, கீரை வகைகளுக்கு இந்தப் பாதுகாப்பு தேவையில்லை. மண் இளகியதும் நேரே விதைக்கலாம். இளகிவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டுவது. உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். ஈர மண்ணைக் கொத்தினால் காய்ந்தபின் கட்டி கட்டியாக இறுகிவிடும்.

நாள் குறிக்கவும் அங்கே தேவாலயம்தான் உதவியது. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் உருளைக்கிழங்கைப் புனித வெள்ளியன்று நடுவது பழைய வழக்கம். ஜெர்மனியில் மே 11 முதல் 15 வரை வரும் சில புனிதர்களின் நாட்களைப் 'பனிப் புனிதர்கள்' என்று சேர்த்துச் சொல்வார்கள். அந்த நாட்கள் கழியாமல் மென்மையான நாற்றுகளை வெளியே நடமாட்டார்கள்.

ஒரு துறவியும் காஞ்சொறிச் செடியும்

வசந்தத்தின் தொடக்கத்தில் தோட்ட மண்ணைத் தயார் செய்வது பற்றி ஐரோப்பாவில் கிடைக்கும் அழகான பழைய குறிப்புகளில் ஒன்று, 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாலாஃப்ரிட் ஸ்டிராபோ எழுதியது. இவர் கான்ஸ்டன்ஸ் ஏரியில் உள்ள ரைக்கெனாவ் தீவின் துறவு மடத்துக்குத் தலைவராக இருந்தவர். 849இல் இறந்தார். தம் சிறு தோட்டத்தைப் பற்றி இலத்தீனில் ஒரு நீண்ட கவிதை எழுதியிருக்கிறார்.

குளிர்காலம் முடிந்து பார்க்கிறார், அவர் வாசலுக்கு எதிரே இருக்கும் முற்றம் முழுவதும் காஞ்சொறி. அடியில் வேர்கள் கூடை முடைந்ததுபோலப் பின்னிக் கிடக்கின்றன. கொத்தை எடுத்து வேரைப் பிடுங்கி, கட்டிகளை உடைத்து, மண் சரியாமல் இருக்கப் பலகை அடைத்துப் பாத்தி கட்டுகிறார். எரு போடுகிறார். மழை பொய்த்த நாட்களில் தாமே தண்ணீர் சுமந்து வந்து, வாளியோடு கவிழ்க்காமல் கைகளால் சொட்டுச் சொட்டாக விடுகிறார். வேகமாக ஊற்றினால் விதை கலைந்துவிடும் அல்லவா? ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாற்றுத் தட்டுக்குப் பூவாளியில் தண்ணீர் விடுவது இதே காரணத்துக்காகத்தான்.

அதே நூற்றாண்டில் அதே தீவில் வரையப்பட்ட மடத்து வரைபடம் ஒன்று, சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அதில் காய்கறித் தோட்டத்துக்கு 18 பாத்திகள். வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி என்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே தோட்டக்காரர் வீடு, அதில் கருவிகளும் விதைகளும் வைக்க இடம். விதையை எங்கே வைப்பது என்பதுவரை யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் இவை துறவிகளின் தோட்டங்கள். நிலம் மடத்துடையது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஊர் மக்களுக்குத் தேவாலயத்தின் வழியாகத் தோட்ட நிலம் கிடைத்த கதை வேறு. அது ஒரு பறிகொடுத்தலில் தொடங்குகிறது.

வேலி போட்ட காலம்

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பொது மேய்ச்சல் நிலங்கள் ஊர் ஊராக நாடாளுமன்றச் சட்டங்களால் தனியாருக்குப் பிரித்துத் தரப்பட்டு வேலி போடப்பட்டன. ஒரு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகளுக்கு இருந்த இடம் போனது. கூலி மட்டுமே மிஞ்சியது.

வில்ட்ஷயரில் கிரேட் சோமர்ஃபோர்டு என்ற சிற்றூர். அதன் ஆயர் ஸ்டீபன் டெமெய்ன்பிரே, கியூவில் இருந்த அரசரின் வானாய்வுக் கூடத்தையும் கவனித்து வந்தவர். 1806இல் அந்த ஊருக்கும் வேலிச் சட்டம் வந்தபோது, சில ஏக்கர் நிலத்தையாவது ஏழைகளுக்கென்று என்றைக்குமாக ஒதுக்க வேண்டும் என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் கேட்டார். கேட்டது சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1809 முதல் அந்தத் தோட்டங்கள் நடக்கின்றன. பிரிட்டனில் இன்றும் பயிர் நடக்கும் பகிர்வுத் தோட்டங்களில் மிகப் பழையது இதுதான் என்று சொல்கிறார்கள்.

மற்ற ஊர்களிலும் ஆயர்கள் தேவாலய மானிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறு வாடகைக்கு விட்டார்கள். ஆனால் எல்லாம் தருமம் என்று எண்ணிவிட வேண்டாம். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் இறங்கக் கூடாது, ஆராதனைக்கு ஒழுங்காக வர வேண்டும், குற்ற வழக்கில் தண்டனை பெற்றால் நிலம் போய்விடும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. வாரத்தில் ஆறு நாளும் பண்ணை வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிறும் இல்லையென்றால், மிஞ்சுவது அந்திப்பொழுதுதான்.

டார்வினின் ஆசிரியர் சந்தித்த எதிர்ப்பு

இந்த வரிசையில் மறக்கக் கூடாதவர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ. கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர். இளைஞர் சார்லஸ் டார்வினை 1831இல் பீகிள் கப்பல் பயணத்துக்குப் பரிந்துரைத்தவர் இவரே. 1837இல் சஃபோக்கில் உள்ள ஹிட்சம் என்ற ஊருக்கு ஆயராக நியமிக்கப்பட்டார். வறுமை மிகுந்த ஊர். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் கற்பித்தார். கூலித் தொழிலாளர்களுக்குக் கால் ஏக்கர் அளவில் நிலம் பிரித்துக் கொடுத்தார். காய்கறிக் கண்காட்சி வைத்து, நன்றாக விளைவித்தவர்களுக்குப் பரிசும் தந்தார். 1845இல் உருளைக்கிழங்கை நோய் தாக்கியபோது, அழுகத் தொடங்கிய கிழங்கிலிருந்தும் மாவுச்சத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த ஊர்ப் பண்ணையாளர்களிடமிருந்து. சொந்தத் துண்டு நிலம் இருந்தால் தொழிலாளி உடம்பை நம் வயலில் வருத்த மாட்டான், நம் விதையைத் திருடி அங்கே விதைப்பான் என்பது அந்தக் காலப் பண்ணையாளர்களிடம் பரவலாக இருந்த பயம். ஹிட்சம் பண்ணையாளர்கள் ஒரு கட்டத்தில், ஆயரிடம் நிலம் வாங்கிய எவருக்கும் வேலை தருவதில்லை என்று கட்டுப்பாடு செய்யவே முனைந்தார்கள். கால் ஏக்கரா, கூலி வேலையா என்று ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எவ்வளவு பெரிய மிரட்டல்! ஹென்ஸ்லோ பின்வாங்கவில்லை. 1861இல் இறக்கும்வரை அந்த ஊரின் ஆயராகவே இருந்தார்.

எல்லா ஊருக்கும் ஒரு ஹென்ஸ்லோ கிடைக்க மாட்டார். நல்ல ஆயர் மாறிப் போனால் தோட்டமும் போகலாம். 1887இலும் 1908இலும் வந்த சட்டங்கள் இதை மாற்றின. மக்கள் கேட்டால் தோட்ட நிலம் தேடித் தருவது உள்ளாட்சியின் கடமை ஆயிற்று. ஆயரின் தயவில் கிடைத்தது குடிமக்களின் உரிமையானது.

காய்கறி கௌரவக் குறைச்சலா?

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இந்தப் பேச்சு பொருளாதார நெருக்கடியோடு தொடங்கியது. 1893 சரிவில் வேலை இழந்தவர்களுக்காக டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்ரீ, நகரில் சும்மா கிடந்த மனைகளை உழுது உருளைக்கிழங்கு போட 1894இல் திட்டமிட்டார். விதைக்கும் கருவிக்கும் தேவாலயங்களில் காணிக்கை கேட்டார். வந்ததோ மிகச் சொற்பம். தமது அருமைக் குதிரையை ஏலம் விட்டார். அந்த ஆண்டு 430 ஏக்கரில் 945 குடும்பங்கள் பயிர் செய்தன.

அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் வேறொரு காட்சி. டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன் போதகராக இருந்தவர் வெர்னன் ஜான்ஸ். கறுப்பின மக்கள் தாங்களே விளைவித்துத் தாங்களே விற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சொன்னதோடு நில்லாமல், காய்கறியும் தர்பூசணியும் கொண்டுவந்து தேவாலயத்தருகே விற்றார். படித்து நல்ல வேலையில் இருந்த சபையாருக்கு முகம் சுளித்தது. போதகர் காய்கறி விற்பதா? இந்த மனக்கசப்பும் சேர்ந்து, 1950களின் தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். சபையாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய முன்னோர் அடிமைகளாக மண் கொத்தியவர்கள். அந்த நினைவிலிருந்து விலகி நிற்கவே அவர்கள் பாடுபட்டுப் படித்தார்கள்.

வெர்னன் ஜான்ஸை முன்னோடியாகச் சொன்னவர், பால்டிமோர் நகரில் பிளெசன்ட் ஹோப் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகராக இருந்த ஹீபர் பிரவுன். உணவோடு தொடர்புள்ள நோய்களால் சபையார் அடிக்கடி மருத்துவமனையில் படுப்பதைப் பார்த்தார். நல்ல காய்கறி வாங்கலாம் என்றால் பக்கத்துச் சந்தையில் விலை கட்டுப்படியாகவில்லை. தேவாலயத்துக்கு முன்னால் இருந்த புல்வெளி கண்ணில் பட்டது. 2010 வாக்கில் அந்த 1,500 சதுர அடி காய்கறித் தோட்டமாக மாறியது. அது நம் மூன்று படுக்கையறை வீடு ஒன்றின் அளவுதான். ஊரில் தோட்டம் போட்டுப் பழகிய மூத்தவர்கள் சபையிலேயே இருந்தார்கள். கேட்பாரில்லாமல் கிடந்த அவர்கள் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு வந்தது.

2015 ஏப்ரலில் போலீஸ் காவலில் காயமடைந்த ஃப்ரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் இறந்து, பால்டிமோர் கொந்தளித்தது. கடைகள் மூடின. மக்கள் உணவுக்காகத் தேவாலயத்தைக் கேட்டார்கள். தோட்டத்திலும் விவசாயிகளிடமும் கிடைத்ததைச் சேர்த்துப் பகிர்ந்தார்கள். அதிலிருந்தே கறுப்பினத் தேவாலயங்களையும் விவசாயிகளையும் இணைக்கும் 'பிளாக் சர்ச் ஃபுட் செக்யூரிட்டி நெட்வொர்க்' என்ற அமைப்பு அதே ஆண்டு உருவானது.

விதைக்கு முன்

மண்ணைத் தயார் செய்வது எல்லாத் தோட்டத்துக்கும் பொது. எரு, கொத்து, பாத்தி, பூவாளி — ஸ்டிராபோ காலத்திலிருந்து பெரிதாக எதுவும் மாறவில்லை. பால்டிமோர் போன்ற பழைய நகரங்களில் பழைய பெயின்ட்டின் ஈயம் மண்ணில் கலந்திருக்கலாம் என்பதால் மண்ணைச் சோதித்து, தேவைப்பட்டால் பலகை அடைத்துப் புது மண் கொட்டுகிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

மாறி மாறி வருவது மற்ற வேலை. நிலம் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு, விதி எழுதுவது யார், பொறுப்பானவர் மாறினால் என்ன ஆகும்? இவற்றை முதலிலேயே எழுதி வைத்த சோமர்ஃபோர்டு இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. ஒருவருடைய மன உறுதியை மட்டும் நம்பியிருந்தபோது, ஹிட்சத்தில் தோட்டக்காரர்களின் கூலி வேலைக்கே ஆபத்து வந்தது. மான்ட்கோமரியில் போதகரே வெளியேற வேண்டியதாயிற்று.

நம் வளாகத்திலும் என்றாவது தோட்டப் பேச்சு எழுந்தால், விதைப் பாக்கெட் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒருமுறை உட்கார வேண்டும். பொதுக்குழுவில் கையெழுத்தான அந்த ஒரு பக்கம் இருந்தால், செயலாளர் மாறினாலும் செடி வாடாது. ஆடி பிறக்கும் முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.