தெற்கில் இல்லாத தெக்கும்பாகம்: பெயர் ஒற்றுமை எப்போது சான்றாகும்?

உலகில் ஒரே பெயர் தாங்கிய ஊர்களைத் தேடிப் பட்டியலிடுவது சுவையான வேலை. அந்தப் பட்டியலை வரலாற்றுச் சான்றாக நீட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நம் பெயராய்வுகள் பலவும் ஒலி ஒன்றாயிருந்தால் உறவு உண்டு என்று கொள்கின்றன. கடல் கடந்த ஊர் என்றால் துணிச்சல் இன்னும் கூடிவிடுகிறது. பெயரைச் சுமந்து சென்றவர்கள் யார் என்று காட்ட முடியாத இடத்தில் பெயர் ஒற்றுமைக்குச் சான்று மதிப்பு இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். சுமந்தவர்களைக் காட்ட முடிகிற இடங்களில், அந்தப் பெயர் பெரும்பாலும் ஊரினுடையதாக இராமல் ஒரு கூட்டத்தாருடையதாக இருக்கிறது. இரண்டுக்கும் எடுத்துக்காட்டு கொச்சியிலேயே உண்டு.

முதலில் கொச்சி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் சிகோகு தீவில் ஒரு கோச்சி இருக்கிறது. ஆறுகளுக்கு நடுவே எழுந்த கோட்டையால் அமைந்த பெயர் அது. அடிக்கடி வந்த வெள்ளத்தை நினைவூட்டிய பழைய எழுத்துகளை நீக்கி, 1610-இல் அதே ஒலிக்கு வேறு எழுத்துகளைச் சூட்டினார்கள். கேரளத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில், ஜாக்பிஷ் ஏரிக்கரையில் கொச்சின் என்றொரு சிற்றூர் உண்டு. லூயி கொச்சின் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் குடும்பப்பெயர் அவ்வூருக்கு ஆயிற்று. கடலே இல்லாத அந்த மாநிலத்துக் கொச்சினிலும் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது என்பது பட்டியல்காரர்களுக்குக் கூடுதல் விருந்து!

வியட்நாமின் கொச்சின்சீனா சற்று வேறு வகை. சீனர் ஜியாவோஜி என்று வழங்கிய பெயர் மலாய் வணிகர் வாயில் குச்சியானது. நம் கொச்சியை அறிந்திருந்த போர்த்துக்கீசியர், இரண்டும் குழம்பாதிருக்கச் சீனாவைச் சேர்த்துக்கொண்டார்கள். 1510-களில் எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரெஸ் இந்தக் காரணத்தைக் குறிப்பிடுகிறார். ஆக, அந்தப் பெயரில் நம் கொச்சிக்கு இடம் உண்டு. ஆனால் விலக்கிக் காட்டுவதற்காகத்தான். பிறகு அப்பெயர் வியட்நாமின் வடக்கிலிருந்து நடுப்பகுதிக்கும், பிரெஞ்சு ஆட்சியில் மேகாங் கழிமுகத்துக்கும் நகர்ந்தது. எந்த மக்கள் கூட்டமும் அதைத் தூக்கிச் செல்லவில்லை. நிலப்படம் வரைந்தவர்களும் ஆட்சியாளர்களும் நகர்த்தினார்கள்.

மக்கள் தூக்கிச் சென்ற பெயரைப் பார்க்க மட்டாஞ்சேரிக்குள் நுழைய வேண்டும். யூதத் தெருவில் முன்பு மூன்று தொழுகைக்கூடங்கள் இருந்தன. 1568-இல் எழுந்த பரதேசி சினகாக் எல்லாருக்கும் தெரிந்தது. மற்ற இரண்டும் முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதருடையவை: ஒன்று கடவும்பாகம், மற்றது தெக்கும்பாகம். காயலைக் கடந்து எர்ணாகுளம் சந்தைப் பகுதிக்குப் போனால் அங்கும் இரண்டு சினகாகுகள், ஒன்றுக்கொன்று சில நிமிட நடைத் தொலைவில் நிற்கின்றன. அவற்றின் பெயர்களும் கடவும்பாகம், தெக்கும்பாகம்தான்.

ஒரு பெயர் இரண்டு இடத்தில் வருவது தற்செயலாகலாம். ஒரு சோடி அப்படியே மறுகரையில் வருவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. இவை கொடுங்கல்லூரில் இருந்த சபைகளின் பெயர்கள் என்பது யூத மரபு. 1341-இல் பெரியாற்று வெள்ளம் அங்கிருந்த பழைய துறைமுகத்தைத் தூர்த்ததாகக் கூறப்படுகிறது. அதன்பின் கொச்சிப் பக்கம் குடியேற்றம் தொடங்கியது. பதினாறாம் நூற்றாண்டின் தாக்குதல்கள் எஞ்சியவர்களையும் கிளப்பின. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு இடம் தந்தார்.

இந்த மரபை நிலத்தில் வைத்துச் சோதிக்கலாம். படகுத்துறையைக் குறிக்கும் கடவு என்ற சொல் இங்கே உதவாது. மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் இரண்டிலும் கரை நெடுகக் கடவுதான். தெக்கு அப்படியல்ல, அது திசை. மட்டாஞ்சேரி யூதத் தெருவின் வடகோடியில் பரதேசி சினகாக், தென்கோடியில் கடவும்பாகம். தெக்கும்பாகமோ இரண்டுக்கும் இடையில் இருந்தது. கடவும்பாகத்துக்கு வடக்கே நின்ற ஒரு கூடத்தைத் தென்புறம் என்று அந்தத் தெருவைப் பார்த்து யாரும் பெயரிட்டிருக்க மாட்டார்கள். வேறோர் ஊரின் தெற்கு இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். எர்ணாகுளம் கடவும்பாகத்துக்கு 1200-ஆம் ஆண்டு என்று மரபு சொல்வதால் அது நியாயமான கேள்வியே. வழி எதுவானாலும், அப்பெயர் கூட்டத்தாரோடு வந்தது என்ற முடிவு மாறுவதில்லை.

பரதேசி என்ற பெயர் இதற்கு நேர்மாறு. ஸ்பெயினிலிருந்தும் அலெப்போவிலிருந்தும் வந்தவர்கள் தம் ஊர்ப்பெயரைத் தொழுகைக்கூடத்துக்கு இடவில்லை. ஏற்கனவே இருந்தவர்கள் அவர்களை அழைத்த விதமே பெயராக நின்றது.

1950-களில் மலபார் யூதரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். நெவாதிம், மெசிலாத் சியோன், தாஓஸ் முதலிய கூட்டுறவுக் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். கொடுங்கல்லூரிலிருந்து சுமந்து வந்த பெயரை அங்கே மண்ணில் இறக்கிவைக்க இயலவில்லை. பெயரிடும் உரிமை புதிய அரசிடம் இருந்தது. நெவாதிம் இவர்கள் வருமுன்பே அப்பெயரோடு இருந்த இடம். மட்டாஞ்சேரி கடவும்பாகத்தின் உள் மரவேலைப்பாடுகள் 1990-களில் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கடவும்பாகம் என்ற பெயர் அங்கே காட்சிப்பொருளின் குறிப்பாக வாழ்கிறது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. புலம்பெயர்ந்தோர் இருந்தால் மட்டும் பெயர் பெயர்ந்துவிடாது, இறங்கிய இடத்தில் பெயரிடும் வாய்ப்பும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

தமிழ்ப் பெயராய்வுக்கு இதில் வேலை இருக்கிறது. தென்காசிக்குப் பெயரைத் தந்தது பதினைந்தாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னரின் கோயில் பணி. காசியிலிருந்து குடியேறியவர்களை அங்கே தேடுவது வீண். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலி கடினமான வழக்கு. பேச்சில் தின்னவேலி என்று குறுகுவது உட்பட, தாமிரபரணிக் கரை ஊரோடு ஒலி அச்சாகப் பொருந்துகிறது. குடியேற்றம் என்று உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் நெல்லும் வேலியும் உள்ள இடம் எதுவும் இப்பெயரைத் தானாகவே பெறக்கூடும். பெரிய ஊரின் பெயரை மட்டும் வைத்து வழக்காடாமல், அதைச் சுற்றியுள்ள குறிச்சிகள், குளங்கள், வயல்கள், கோயில்கள் ஆகியவற்றின் பெயர்களைப் பழைய நிலப் பதிவேடுகளான தோம்புகளிலும் காணி உறுதிகளிலும் தேடுங்கள். இரு கரையிலும் ஒன்றாக வரும் சோடி ஒன்று கிடைக்கட்டும். அதுவரை அந்த இரு திருநெல்வேலிகளையும் உறவினர் என்று எழுத வேண்டாம்.