திருப்பண்டமும் பொன்னும்: 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கணினி விளையாட்டில் திருப்பண்டப் போட்டியும் அதன் இடைக்கால வரலாற்றுப் பின்புலமும்

ஆய்வுச்சுருக்கம்

1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: தி ஏஜ் ஆஃப் கிங்ஸ்' என்னும் உத்தி விளையாட்டில், ஆட்டக்களத்தில் சிதறிக் கிடக்கும் திருப்பண்டங்களைத் துறவியரைக் கொண்டு சேகரித்து மடாலயத்தில் சேர்ப்பது வெற்றிக்குரிய வழிகளுள் ஒன்றாகும். இவ்விதிக்கும் இலத்தீன் கிறித்தவ ஐரோப்பாவின் திருப்பண்டக் கவர்தல் மரபுக்கும் உள்ள உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. 2022இல் முதலாம் இராசேந்திர சோழனின் வரலாறும் இவ்விளையாட்டினுள் இடம்பெற்றுவிட்டதால், ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் விதி தென்னாசிய வரலாற்றின்மீது ஏற்றப்படும்போது நேரும் திரிபும் இங்குக் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பண்டம், உத்தி விளையாட்டு, இடைக்கால ஐரோப்பா, புனிதத் திருட்டு, தந்ததாது, இராசேந்திர சோழன்

முன்னுரை

கணினி விளையாட்டுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இளங்கலை வகுப்பிற்கு வரும் மாணவர் பலர் 'இடைக்காலம்' என்னும் சொல்லைப் பாடநூலில் காண்பதற்கு முன்பே இத்தகைய விளையாட்டுகளில் கண்டுவிடுகின்றனர். அவை தரும் செய்திகளைவிட அவற்றின் விதிகளே மனத்தில் ஆழப் பதிகின்றன. அரசர் பெயரில் பிழை இருப்பின் அதனை ஆசிரியர் ஒரு வரியில் திருத்திவிடலாம். 'இவ்வாறு செய்தால் இது விளையும்' என்று நூறுமுறை ஆடிப் பழகிய காரண காரியத் தொடர்பைத் திருத்துதல் எளிதன்று. ஆதலின் ஒரு விதியை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்று வேரைத் தேடுவது பயனுடையதாகும்.

விளையாட்டின் விதி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் இயங்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் நிறுவனம் இவ்விளையாட்டை உருவாக்கியது, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 1997இல் வந்த முதற்பகுதியில் பண்டைக்காலக் கலைப்பொருள்களைக் கைக்கொள்ளும் வழி இருந்தது. ஆயின், அதற்குத் துறவி வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. இரண்டாம் பகுதியில் களம் இடைக்காலத்திற்கு மாறியபோது கலைப்பொருள் திருப்பண்டமாயிற்று. அதனைத் தொடும் உரிமையும் துறவிக்கு மட்டுமே உரியதாயிற்று.

ஆட்டம் தொடங்கும்போது திருப்பண்டங்கள் உரிமையாளரின்றிக் களமெங்கும் கிடக்கும். இருவர் ஆடும் சிறு களத்தில் இவை வழக்கமாக 5 இருக்கும். கோட்டைக் காலம் என்னும் மூன்றாம் நிலையை எட்டிய பின்னரே மடாலயம் கட்ட இயலும். அங்கு 100 பொன் செலவிட்டு உருவாக்கப்படும் துறவி, திருப்பண்டத்தைச் சுமந்துவந்து மடாலயத்தில் சேர்க்க வேண்டும். சுமக்கும் வேளையில் அவரால் பகைவரை மனமாற்றம் செய்யவோ காயமுற்றோரை ஆற்றவோ இயலாது. வழியில் கொல்லப்பட்டால் திருப்பண்டம் அங்கேயே விழும். வேறொரு துறவி அதனை எடுத்துக்கொள்ளலாம். மடாலயம் இடிக்கப்பட்டால் உள்ளிருந்தவை அனைத்தும் வெளியே சிதறும். திருப்பண்டத்தை மட்டும் எவராலும் அழிக்க முடியாது.

மடாலயத்துள் இருக்கும் ஒவ்வொரு திருப்பண்டமும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 பொன் ஈட்டித் தரும். இத்தொகை தொடக்கத்தில் சிறிதாகத் தோன்றலாம். இருவர் ஆட்டத்தில் தங்கச் சுரங்கங்கள் வற்றிய பின்போ, சந்தையில் பிற பொருள்களை விற்றுப் பெறுவது நீங்கலாக, பொன்னுக்கு உறுதியான ஊற்று இதுவே. அனைத்துத் திருப்பண்டங்களையும் குறிப்பிட்ட காலம் தன்வசம் வைத்திருப்பவர் ஒரு போரும் வெல்லாமலே ஆட்டத்தை வெல்லலாம். பிற்கால விரிவாக்கங்களில் திருப்பண்டத்தைக் கைப்பற்றுவதையே முதன்மை இலக்காகக் கொண்ட தனிப் போட்டிமுறை ஒன்றும் சேர்க்கப்பட்டது. சில நாகரிகங்களுக்கு இதில் தனிச்சலுகை உண்டு: ஆஸ்டெக்கியர்க்கு ஒவ்வொரு திருப்பண்டமும் 33 விழுக்காடு கூடுதல் பொன் தரும், லித்துவேனியர்க்குக் குதிரைவீரரின் தாக்கும் ஆற்றல் பெருகும். ஐரோப்பியப் புனிதர் எலும்பினால் ஆஸ்டெக்கியர் மிகுதியாகப் பயன் பெறுவது ஏன் என்று விளையாட்டு விளக்குவதில்லை.

திருடும் துறவியர்

துறவி ஒருவர் எலும்புப் பேழையைச் சுமந்துகொண்டு பகைவர் நிலத்தினூடே ஓடும் காட்சி, ஆட்டத்தின் சுவைக்காகப் புனைந்த கற்பனை போலத் தோன்றும். உண்மையில் இவ்விளையாட்டின் வரலாற்றுக் காட்சிகளுள் சான்றுக்கு மிக நெருங்கி நிற்பது இதுவே எனலாம்.

787இல் கூடிய இரண்டாம் நிக்கேயாப் பொதுச்சங்கம், திருப்பண்டம் இன்றி எந்தக் கோயிலையும் அருள்பொழிவு செய்யலாகாது என விதித்தது. கரோலிங்கியர் ஆட்சியில் வடக்கே புதிய மடாலயங்கள் பெருகின; மறைச்சாட்சியரின் உடல்களோ உரோமையிலும் கீழை நாடுகளிலும் கிடந்தன. இத்தேவைக்கும் இருப்புக்கும் இடையே ஒரு வணிகம் தோன்றியது. பேரரசர் சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு, 827இல் தேயுஸ்தோனா என்னும் உரோமைத் திருப்பண்ட வணிகனை நம்பித் தம் எழுத்தரை உரோமைக்கு அனுப்பினார். அவர்கள் இரவில் கல்லறையைத் திறந்து புனித மார்செல்லினுஸ், பீட்டர் ஆகியோர் எச்சங்களை எடுத்துவந்தனர். சுவாசோன் மடாலயத் தலைவர் இல்துயினின் ஆள்கள் அவற்றுள் ஒரு பகுதியைத் திருடிக்கொண்டனர். இவற்றையெல்லாம் ஐன்ஹார்டே நூலாக எழுதி வைத்துள்ளார். திருடிய பொருள் திருடப்பட்டதைப் பற்றிய அவரது வருத்தம் அந்நூலில் சிறிதும் நகைப்பின்றி வெளிப்படுகிறது.

பிரான்சின் கோங்க் மடாலயத்து நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. ஆழான் நகரில் இருந்த புனித ஃபோயின் உடலைக் கவர, 9ஆம் நூற்றாண்டில் கோங்க் துறவி ஒருவர் அந்நகரத்துக் குழுவில் சேர்ந்து, பல்லாண்டுகள் நம்பிக்கைக்குரியவராக வாழ்ந்து, கல்லறைக் காவலராகி, பின்னர் ஓரிரவில் அவ்வுடலுடன் வெளியேறினார் என அம்மடாலயத்தின் மரபு கூறுகிறது. இம்மரபை மறைக்க முயலாமல் பெருமையுடன் எழுதிவைத்தவர் கோங்க் துறவியரே என்பது கருதத்தக்கது. வெனிசு வணிகர் 828இல் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மாற்குவின் உடலைப் பன்றியிறைச்சிக்கடியில் மறைத்துக் கொணர்ந்தனர் என்னும் வழக்கும், பாரி நகரத்து மாலுமியர் 1087இல் மைராவிலிருந்து புனித நிக்கோலாசின் எலும்புகளைக் கொணர்ந்ததும் இதே வரிசையின. 1204இல் கான்ஸ்டான்டிநோபிள் சூறையாடப்பட்டபோது பேரிஸ் மடாலயத் தலைவர் மார்ட்டின், முதிய குரு ஒருவரை அச்சுறுத்தித் திருப்பண்டம் இருக்குமிடத்தை அறிந்து, தம் அங்கியின் மடியில் அள்ளிச் சென்றதை அம்மடாலயத்தைச் சேர்ந்த குந்தரே பதிவு செய்துள்ளார்.

பேட்ரிக் கியரி 1978இல் வெளியிட்ட 'ஃபூர்தா சாக்ரா' என்னும் நூல் இக்கதைகளை வெறும் குற்றப் பதிவுகளாகக் காணாமல், ஒரு சமூகம் தன் பாதுகாவலரைப் பெற்ற வரலாற்றை நியாயப்படுத்தும் இலக்கிய வகையாகக் கண்டது. இந்நியாயத்தின் மையம் புனிதரின் இசைவு ஆகும். புனிதர் விண்ணுலகில் வாழ்பவர், ஆற்றலுடையவர், தாம் விரும்பாவிடில் திருடனைத் தடுத்திருப்பார். ஆகவே, திருட்டு நிறைவேறியதே அவர் இடம்பெயர விரும்பினார் என்பதற்குச் சான்று. இன்றைய வாசகர்க்கு இது வசதியான வாதமாகத் தோன்றும். ஆயினும், இவ்வாதம் இல்லையேல் திருடிய எலும்பு வெறும் எலும்பே. புதிய இடத்தில் அற்புதங்கள் நிகழ வேண்டும். அவை எழுதப்பட வேண்டும். மக்கள் நடந்துவர வேண்டும். இவை நிகழாவிடில் அது மதிப்பிழக்கும்.

பொன் எங்கிருந்து வந்தது

இங்குத்தான் விளையாட்டு வரலாற்றிலிருந்து பிரிகிறது. அதன் மடாலயத்தில் திருப்பண்டம் தானாகவே பொன் சுரக்கிறது. பயணியர் இல்லை, காணிக்கை இல்லை, திருவிழா இல்லை. எவர் எடுத்தாலும் எங்கு வைத்தாலும் அதே அளவு பொன்தான். வரலாற்றில் திருப்பண்டத்தின் வருவாய் அதனை ஏற்றுக்கொண்ட மக்களிடமிருந்து வந்தது. கோங்க் செழித்தது ஃபோய் அங்கு வந்ததால் மட்டுமன்று. கொம்போஸ்தெலாவுக்குச் செல்லும் பயணவழி ஒன்று அவ்வூரைத் தொட்டதும், 11ஆம் நூற்றாண்டில் ஆன்ழே நகரத்துப் பெர்னார்டு அப்புனிதையின் அற்புதங்களைத் தொகுத்ததும் சேர்ந்தே அச்செழிப்பைத் தந்தன.

ஆயினும், விளையாட்டின் சமன்பாட்டை முற்றும் பொய்யெனத் தள்ள இயலாது. கான்ஸ்டான்டிநோபிளின் இலத்தீன் பேரரசர் இரண்டாம் பால்ட்வின் பொருள்முடையால் முள்முடியை வெனிசியரிடம் அடகு வைத்திருந்தார். பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி 1,35,000 லிவ்ர் செலவில் 1239இல் அதனைப் பெற்றார். அதற்கெனப் பாரிசில் எழுப்பிய செயின்ட் ஷாப்பெல் ஆலயத்திற்கு ஆன செலவு 40,000 லிவ்ர் என்பர். பேழையாகிய ஆலயத்தைவிட உள்ளிருந்த பொருளுக்கு மும்மடங்குக்கும் மேல் விலை. ஆனால், விற்பனை என்னும் சொல் இதில் கவனமாகத் தவிர்க்கப்பட்டது. அடகு மீட்கப்பட்டது என்றே நிகழ்ச்சி அமைந்தது. திருப்பண்டங்களை விற்கக் கூடாது என 1215இன் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்திருந்தது. பொன்னுக்கும் புனிதத்திற்கும் உள்ள உறவு அக்காலத்தார்க்கும் கூச்சம் தந்த உறவு. அக்கூச்சம் விளையாட்டில் இல்லை.

சோழர் நாட்டில் அதே விதி

2022 ஏப்ரலில் வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கம், அதுவரை 'இந்தியர்' என்றிருந்த ஒரே நாகரிகத்தைப் பிரித்தது. திராவிடர் என்னும் நாகரிகம் அதில் தோன்றியது. அவர்தம் படைவீரர் தமிழில் மறுமொழி கூறுவர். இராசேந்திரன் பெயரில் ஒரு போர்த்தொடரும் உண்டு. கால்டுவெல் 1856இல் மொழிக்குடும்பத்திற்கு நிலைநிறுத்திய பெயரை 11ஆம் நூற்றாண்டு அரசுக்கு இடுவதன் பொருத்தம் தனியே ஆராயத்தக்கது. இங்கு நோக்கவேண்டியது, அத்திராவிடரும் மடாலயம் கட்டி, துறவியை அனுப்பி, திருப்பண்டம் பொறுக்க வேண்டியுள்ளது என்பதே.

தமிழகத்துச் சைவ வைணவ மரபில் இறந்தோர் உடலெச்சம் கோயிலின் மூலப்பொருள் அன்று. அரசர், அரசியர் நினைவாக எழுந்த பள்ளிப்படைகள் உண்டு. இராசேந்திரனே பஞ்சவன் மாதேவிக்கு ஒன்று எடுத்தான். எனினும், அவை பல ஊர்களும் போட்டியிட்டுக் கவரும் பொருளாகவில்லை. அதனால் இங்குப் புனிதப் பொருள் கவர்தல் இல்லை என்று கொள்வது தவறு. முதலாம் இராசாதிராசன் கல்யாணபுரத்தை எரித்துக் கொணர்ந்த துவாரபாலகர் சிலை, அச்செய்தியைத் தன் பீடத்தின் கல்வெட்டிலேயே தாங்கி நின்றது. இராசேந்திரன் கங்கை நீரைக் கொணர்வித்துச் சோழகங்கம் என்னும் ஏரியை வெற்றித்தூணாக அமைத்தான்.

இவற்றினும் பொருத்தமானது பாண்டியர் மணிமுடியின் வரலாறு. முதலாம் பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன் தன் குலமுடியையும் இந்திரன் தந்ததாகக் கருதப்பட்ட ஆரத்தையும் ஈழ அரசனிடம் அடைக்கலமாக வைத்துவிட்டுச் சேரநாடு சென்றான். மதுரையில் முடிசூட விரும்பிய பராந்தகன் அவற்றைக் கேட்டுப் பெறமுடியாமல், படையெடுத்தும் பெறமுடியாமல் மீண்டான். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசேந்திரனே அவற்றைக் கைப்பற்றினான். அவனது மெய்க்கீர்த்தி அதனைப் பெருமையுடன் கூறுகிறது. தலைமுறைகள் கடந்த இத்தேடலில் பொன் வருவாய் எங்கும் பேசப்படவில்லை. பேசப்பட்டது பாண்டி நாட்டை ஆளும் உரிமை. இராசேந்திரன் பெயரைத் தாங்கிய விளையாட்டில் அவன் உண்மையாகவே தேடிப் பெற்ற பொருளுக்குரிய விதி இல்லை. அவன் தேடாத பொருளுக்குரிய விதி உள்ளது.

அழியாமையும் மீட்பும்

உடலெச்ச வழிபாடு பௌத்தத்தின் உயிர்க்கூறு. ஆகவே, விளையாட்டின் விதிக்குத் தென்னாசியாவில் நேரிணை தேடுவோர் இலங்கையின் தந்ததாதுவையே நாட வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படைத்தலைவனாகிய ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவாவைத் தாக்கிப் புத்தரின் பல்லைப் பாண்டிய நாட்டிற்குக் கொண்டுசென்றான் எனச் சூளவம்சம் கூறுகிறது. மூன்றாம் பராக்கிரமபாகு அதனை மீட்கப் படை திரட்டவில்லை. தானே பாண்டியன் அவைக்குச் சென்று, பேசி, திரும்பப் பெற்றான். விளையாட்டில் ஒருவர் மற்றவர்க்கு உணவு, மரம், பொன், கல் ஆகியவற்றைத் திறையாக அனுப்பலாம். திருப்பண்டத்தை அவ்வாறு அனுப்ப வழியில்லை. உரியவர் தாமே வெளியே விடாவிடில், அதனைப் பெறுவதற்கு மடாலயத்தை இடித்தே ஆகவேண்டும்.

1560இல் போர்த்துகேய அரசப்பிரதிநிதி கான்ஸ்டான்டினோ டி பிரகன்சா யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது புனிதப் பல் எனக் கருதப்பட்ட ஒன்றைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுசென்றார். பெகு நாட்டு அரசன் அதற்கு ஈடாகப் பெருந்தொகை தர முன்வந்தான். கருவூலம் வறண்டிருந்தது, படைத்தலைவர் பலர் விற்றுவிடலாம் என்றனர். பேராயர் கஸ்பார் உடன்படவில்லை. முடிவில் அப்பல் உரலில் இடிக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, சாம்பல் ஆற்றில் விடப்பட்டது. இதனை விரிவாக எழுதிய தியோகோ டு கோட்டோ அடுத்து நிகழ்ந்ததையும் மறைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் கோட்டை அரசன் தர்மபாலனின் அவையிலிருந்து ஒரு புனிதப் பல் பெகுவுக்குச் சென்று பெருஞ்சிறப்புடன் வரவேற்கப்பட்டது. கண்டியரசனோ உண்மையான பல் தன்னிடமே உள்ளது என்று பெகுவுக்குச் செய்தி அனுப்பினான்.