திருவனந்தபுரம் கடற்கரையில் கோயிலும் மீன்விலையும்

தெற்கே பொழியூர் தொடங்கி விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை வழியாக வடக்கே அஞ்சுதெங்கு வரையுள்ள திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைப் பகுதியின் மீனவ ஊர்களில் பெரும்பாலானவை இலத்தீன் கத்தோலிக்கர் வாழும் ஊர்களாகும். இவ்வூர்களில் கிறித்தவ விசுவாசம் செபத்தோடும் திருவிழாவோடும் நின்றுவிடாமல், மீன்பாட்டில் யாருக்கு எவ்வளவு சேர வேண்டும், விலையை யார் கூற வேண்டும் என்னும் கேள்விகளிலும் ஊடுருவியது.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர் என்னும் மீனவரின் ஊர்களுக்குச் சென்று, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் குறிப்பிட்டார். அவரால் எந்த ஊரிலும் நீண்ட காலம் தங்க முடியாததால், செபங்களை எழுத்தில் விட்டுச்சென்று, காலையிலும் மாலையிலும் அவற்றைச் சொல்லுமாறு பணித்தார். இதனால் குருக்கள் அரிதாகவே வந்த காலத்திலும் அன்றாட வழிபாட்டை ஊராரே நடத்திக்கொள்ளும் பழக்கம் உருவாக வழி பிறந்தது.

கோயிலைக் கட்டிக் காக்கும் பொறுப்பும் ஊராரையே சார்ந்திருந்தது. கரையில் விற்கும் மீனின் மதிப்பில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொடுப்பது வழக்கமாயிற்று. அப்பகுதியைத் தண்டும் உரிமையைப் பங்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள விசுவாசிகளின் சமூகம், ஏலம் விட்டுக் கொடுக்கும் முறைக்குக் குத்தகை என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமையும் ஊர்க் கட்டுப்பாடாக நிலைபெற்றதால், விசுவாசம் வருமானத்தோடு உழைப்பின் நாள்களையும் வரையறுத்தது.

எனினும் மீனவரின் வருவாயைக் குறைத்தது கோயிலுக்குக் கொடுத்த பகுதி மட்டுமன்று. கட்டுமரத்துக்கும் வலைக்கும் கடன் கொடுத்த வியாபாரியும் தரகரும் கடன் தீரும்வரை மீனைத் தங்கள் வழியாகவே விற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியமையால், பிடித்தவருக்கே தம் மீனின் விலையைத் தீர்மானிக்கும் உரிமை இல்லாமற்போயிற்று.

1937இல் திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டம் நிறுவப்பட்ட பின்னரும் இந்நிலை நீடித்தது. 1960களில் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் முயற்சியால் மரியநாடு என்னும் புதிய மீனவக் குடியிருப்பு அமைந்தபோது, அங்கே பணிசெய்யச் சென்ற சமூக ஊழியர்கள் கடன் சிக்கலையும் விற்பனைச் சிக்கலையும் தனித்தனியே தீர்க்க முடியாது என்பதை உணர்ந்தனர். அங்கு உருவான கூட்டுறவுச் சங்கம் கரை ஏலத்தைத் தானே நடத்தி, விற்ற தொகையிலிருந்து கடன் தவணையையும் சேமிப்பையும் பிடித்துக்கொண்டு எஞ்சியதை மீனவரிடம் கொடுத்தது. இத்தகைய சங்கங்களின் அனுபவத்திலிருந்தே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்தது.

விசைப்படகுகளின் இழுவலைகள் கரையோர மீன்வளத்தை அழிப்பதாக எழுந்த 1980களின் போராட்டத்தில் குருக்களும் துறவியரும் மீனவரோடு நின்றனர். 1988இல் கேரள அரசு மழைக்கால இழுவலைத் தடையைக் கொண்டுவந்தது. கோயிலுக்குரியதைக் கொடுப்பதே கடமை என்றிருந்த விசுவாசம், கொடுப்பவருக்கு உரிய விலை கிடைக்கிறதா என்று கேட்பதையும் தன் கடமையாகக் கொண்டதே இக்கரையின் நான்கு நூற்றாண்டு வரலாற்றில் நேர்ந்த பெரிய மாற்றமாகும். கரையிலேயே தொகை பிடிக்கும் பழைய வழக்கம் மாறவில்லை. ஆனால் சங்கத்தில் அத்தொகை மீனவரின் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டது.